ஒரு வெங்காயம் மட்டும்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. அப்பா ஒரு சாக்கு வெங்காயம் வாங்கி வந்தார்.
2. அம்மா அதில் பாதியைக் கீழ்வீட்டுக் கடைக்குக் கொடுத்தார்.
3. கொடுத்த வெங்காயத்தை அம்மாவே அந்தக் கடைக்குப் போய் ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கி வந்தார்.
4. சாக்கு சீக்கிரம் குறைவதைக் கண்டு அப்பா மகிழ்ந்தார். இன்னொரு சாக்கு வாங்கினார்.
5. ஒரு சனிக்கிழமை பின்னேரம் அப்பாவும் அந்தக் கடைக்குப் போய்த் தன் வெங்காயத்தைத் தானே வாங்கினார்.
6. அப்பாவுக்கு நாரி பிடித்தது.

இடுப்பின் பின்பக்கத்தை எங்கள் பக்கத்தில் நாரி என்போம். மற்றபடி இந்த வரிசையில் விளக்கம் தேவைப்படுகிற சொல் எதுவும் இல்லை. எதையும் வரிசையாக எழுதிவிட்டால் விளங்கிவிடும் என்ற நம்பிக்கை எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அவர் பொறியியலாளர். நானும் அதே படிப்பைப் படித்து, களஞ்சியங்களில் எந்தப் பொருள் எவ்வளவு இருக்க வேண்டும் என்று திட்டமிடும் வேலையில் இருக்கிறேன். என் தொழிலின் விதிகளின்படி மேலே உள்ளவற்றில் ஒன்றுகூட நியாயமானதில்லை.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாடு வந்து, மெரிலேண்ட்ஸ் என்ற புறநகரில் குடியேறினோம். ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புச் செங்கல் கட்டடம்; அதில் மேல்மாடி. காலையில் அப்பா வேலைக்குப் போவார், நான் பள்ளிக்கூடத்துக்குப் போவேன். அம்மா குசினி யன்னலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் உட்கார்ந்திருப்பார். நான் திரும்பி வரும்போதும் அதே கதிரையில் இருப்பார். ஊரில் அம்மா யாரைப் பார்த்தாலும் அவரைப்போலவே நடித்துக் காட்டி, வீட்டையே சிரிக்க வைப்பவர் என்று சித்தி பின்னாளில் சொன்னார். எனக்கு அந்த அம்மாவைத் தெரியாது. எனக்குத் தெரிந்தவர் "ஓம்", "இல்லை", "சாப்பிடு" ஆகிய மூன்று சொற்களில் நாளை ஓட்டுபவர்.

அப்பாவுக்கும் இது தெரிந்தே இருந்தது. அவர் அதை ஒரு பற்றாக்குறையாக எடுத்துக்கொண்டார். என்ன இல்லை என்று கண்டுபிடித்து வாங்கிப் போட்டால் சரியாகிவிடும். கம்பளிப் போர்வை வாங்கினார், வானொலி வாங்கினார். சனிக்கிழமை மத்தியானம் கடைகளைப் பூட்டினால் திங்கள் காலைதான் திறப்பார்கள் என்பதால், சனி விடியலிலேயே பழைய ஹோல்டன் காரை எடுத்துக்கொண்டு போய்க் கிழமைக்கு வேண்டிய அத்தனையையும் கொண்டு வந்து இறக்குவார். அம்மா வெளியே போக வேண்டிய தேவை எதுவும் இல்லாதபடி பார்த்துக்கொண்டார். அதில் அவருக்குப் பெருமை.

அம்மாவைக் கதிரையிலிருந்து எழுப்பியது ஒரு வாசனை. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா யன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, ஆரோ கருவாடு பொரிக்கினம்."

அந்தக் கிழமையில் அம்மா பேசிய மிக நீண்ட வசனம் அதுதான். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். கட்டடத்தின் பின்னால், உடுப்புக் காயப்போடும் கொடிக்கு எதிரே, கீழ்வீட்டுக் குசினி யன்னல் இருந்தது. யன்னலுக்குக் கம்பிவலை அடித்து, வலையின் நடுவில் ஒரு கை போய்வருகிற அளவுக்கு ஓட்டை வெட்டியிருந்தார்கள். வலைக்குப் பின்னால் தட்டுகள். பிளாஸ்டிக் பையில் ஒரு மிடறு வினாகிரி ஊற்றி ரப்பர் வளையம் போட்டுத் தொங்கவிட்டிருந்தது. அதேபோல் ஒரு கறிக்குப் போதுமான எண்ணெய், ஒரு பானைக்குப் போதுமான உப்பு. பாதியாக வெட்டிய சவர்க்காரக் கட்டி, நூல் கோத்த ஊசி, தலையிடி மாத்திரை தனித்தனியாக. எல்லாவற்றுக்கும் நடுவில், பூப்போட்ட வீட்டுச் சட்டையோடு ஒரு பெண் விசிறிக்கொண்டிருந்தார்.

அவர் பிலிப்பைன்ஸ்காரர். கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை. மணிலாவில் தன் தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு வீடு இப்படித்தான் என்று அவர் பிறகு சொன்னார். கள்வர் இல்லாத இந்தக் கொல்லையில் எதற்குக் கம்பிவலை என்று நான் கேட்டதற்கு, வலை இல்லாவிட்டால் அது கடை இல்லையே, யன்னலில் நிற்கும் ஒரு பொம்பிளைதானே என்றார். நான் அவரைக் கடை அன்ரி என்றேன்.

அம்மா கருவாடு ஒரு பக்கெற் கேட்டார். கடை அன்ரி இரண்டு துண்டை எடுத்துப் பேப்பரில் சுற்றி ஓட்டையால் நீட்டினார்.

"டுடே டூ. டுமாரோ, கம் எகெய்ன்."

அம்மாவின் முகம் சிவந்தது. எங்கள் வீடுகளில் அரிசி, மிளகாய், வெங்காயம் எல்லாம் சாக்குக் கணக்கில்தான் வரும். சில்லறையாக வாங்குவது அன்றாடம் கூலிக்குப் போகிறவர்கள் செய்வது என்று அம்மாவுக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள். ஆனால் கருவாடு முடிந்ததும் மறுநாள் அம்மா போனார். அதற்கு மறுநாளும் போனார். ஒருவர் வீட்டு வாசலில் சும்மா போய் நிற்க அம்மாவால் முடியாது. கடை வாசலில் நிற்கலாம். அதற்கு ஒரு சாமான் மட்டும் வேண்டும். வெங்காயம் ஒன்று. இன்னொரு நாள் ஒரு பல் உள்ளிப்பூண்டு.

யன்னலுக்குக் கீழே பால் பெட்டிகளை அடுக்கி அதன்மேல் ஒரு பலகை போட்டிருந்தது. கீழ்மாடியில் தனியாக இருந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் தினமும் ஒரு சிகரெட் மட்டும் வாங்கி, அந்தப் பலகையில் உட்கார்ந்து பிடிப்பார். முதலில் அம்மா நின்றுகொண்டே பேசினார். பிறகு அவரும் பலகையில் இருந்தார். அம்மாவின் ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் குறைவு. கடை அன்ரியின் ஆங்கிலத்தில் காலங்கள் கிடையாது. போதாததற்குக் கை, கண், வாய் எல்லாம் வேலை செய்தன. நான் கொடிக்குக் கீழே பாண்டி விளையாடிக்கொண்டு, ஒரு வெங்காயம் வாங்க இவ்வளவு நேரம் எதற்கு என்று யோசித்தேன்.

விஷயம் அப்பாவுக்குச் சாப்பாட்டு மேசையில் தெரியவந்தது. ரசம் நல்லாயிருக்கு என்று அவர் சொல்ல, கீழை அன்ரியிட்டை வாங்கின உள்ளிப் பல்லுப் போட்டது என்று நான் சொன்னேன்.

"ஒரு பல்லோ?" என்றார் அப்பா. "ஒரு பல்லு உள்ளியை ஆர் விக்கிறது, ஆர் வாங்கிறது?"

"தேவைக்கு வாங்கினது," என்றார் அம்மா.

"உள்ளி முடிஞ்சுதெண்டு எனக்கொரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"முடியேல்லை அப்பா. கூடையிலை கிடக்கு," என்றேன் நான்.

அம்மா என் கோப்பையில் கேட்காமலே இன்னொரு அகப்பை சோறு போட்டார். அப்பா அவசரமாகச் சாப்பாட்டை முடித்தார். தன் வீட்டில் சாமான் போதாமல் மனைவி அயலில் ஒரு பல் உள்ளிக்குக் கையேந்துகிறார் என்பது மட்டுமே அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை அவர் மொத்தச் சந்தைக்குப் போய் ஒரு சாக்கு வெங்காயமும், சரமாகக் கோத்த உள்ளியும், பெரிய போத்தலில் வினாகிரியும் கொண்டு வந்தார். சாக்கை மூன்று மாடி தூக்கி வந்து குசினி மூலையில் வைத்தார். அதன் வாயைச் சிவப்பு மின்கம்பியால் கட்டினார். எந்தச் சாக்கையும் அப்பா கயிற்றால் கட்டமாட்டார். உதட்டை இறுக்கி, இடக் கண்ணை மூடி, கம்பியை முறுக்கி, கடைசியில் ஒருதரம் இழுத்துச் சோதித்துப் பார்ப்பார்.

"இனி நீர் மேலையும் கீழையும் ஓடுப்பட்டுத் திரியத் தேவையில்லை."

"ஓம்," என்றார் அம்மா.

அவர் கீழே போகவில்லை. வாங்குவதற்கு ஒன்றும் இல்லை. கதிரை மறுபடி யன்னல் பக்கம் போனது. மூன்று சொற்களும் திரும்பி வந்தன. இரவுச் சாப்பாட்டில் அப்பா தன் அடுத்த தீர்வை வெளியிட்டார்.

"மார்கழியோடை நீரும் பிள்ளையும் ஊருக்குப் போய் ஒரு வருசம் இருந்திட்டு வாங்கோ. உமக்கும் ஒரு மாறுதலாயிருக்கும்."

அம்மா "ம்" என்றார். எனக்குச் சந்தோஷம். ஒரு வருடம் நீச்சல் வகுப்பு இல்லை. வெளிநாட்டுக்குப் போன பெண் புருசனை விட்டுவிட்டுப் பிள்ளையோடு வந்து ஒரு வருடம் தாய்வீட்டில் இருந்தால், படலையைத் திறந்துகொண்டு வருகிற ஒவ்வொருவரும் என்ன கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும்.

சில நாளில் சாக்கிலிருந்த வெங்காயம் சில முளைவிட்டன. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா உடுப்புக் கூடையில் பாதிச் சாக்கைக் கொட்டி, மேலே ஒரு படுக்கை விரிப்பைப் போட்டு மூடிக்கொண்டிருந்தார்.

"முளைக்குது. எறியிறதே? மற்றப் பக்கம் பிடி பிள்ளை."

கடை அன்ரி எங்களைக் கண்டதும் விசிறியைக் கீழே வைத்தார்.

"வேர் யூ கோ? யூ சிக்?"

"நோ சிக்," என்றார் அம்மா. "டூ மச் ஆனியன்."

கடை அன்ரி விழுந்து விழுந்து சிரித்தார். கிழவரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியபின் அம்மா வலையைப் பார்த்துக்கொண்டு, "ஹஸ்பண்ட் சென்டிங் மீ ஹோம். வன் இயர்," என்றார்.

அதை அம்மா தமிழில் எவரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

"யூ வான்ட்?" என்றார் கடை அன்ரி.

அம்மா வலைக் கம்பியில் விரலை ஓட்டினார். கேள்வி புரியவில்லையாக்கும் என்று நான் உதவிக்குப் போனேன். "அம்மா, உங்களுக்குப் போக விருப்பமோ எண்டு கேக்கிறா."

"விளங்கினது பிள்ளை," என்றார் அம்மா. பிறகு கடை அன்ரியைப் பார்த்துத் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார்.

கடை அன்ரி பின்கதவைத் திறந்து கூடையை உள்ளே எடுத்துக்கொண்டார். திரும்பவும் வலைக்குப் பின்னால் வந்து நின்று, கடைக்காரரின் முகத்தை வைத்துக்கொண்டு, ஓட்டையால் ஒரு வெங்காயத்தை நீட்டினார். "டுடே, வன். டுமாரோ, வன். மெனி ஆனியன், யூ நோ கம். நோ குட்."

அது எங்கள் வெங்காயம் என்று நான் இருவருக்கும் சுட்டிக்காட்டினேன். யாரும் பொருட்படுத்தவில்லை.

அன்றிலிருந்து அம்மா தினமும் ஒரு வெங்காயத்துக்குக் கீழே போனார். மேலே சாக்கில் மீதிப் பாதி இருந்தது. அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடையில் ஏறிக் கீழே போனது. அப்பா சாக்கைப் பார்த்துவிட்டு, "பாத்தீரே, வீட்டுக்கு எவ்வளவு தேவையாயிருந்திருக்கு!" என்று இன்னொன்று வாங்கி வந்தார். அதை அம்மாவும் நானும் கம்பிக் கட்டோடு அப்படியே படிப்படியாக இழுத்துக் கொண்டுபோய்க் கடை அன்ரியிடம் சேர்த்தோம். அப்பாவின் கண்ணுக்குக் குறை தெரியாமலிருக்க, பழைய சாக்கின் அடியில் பழந்துணிகளை அடைத்து மேலே ஒரு அடுக்கு வெங்காயம் பரப்பினோம். மேலும் கீழும் ஓடித்திரியாமல் இரண்டு சாக்கையும் ஒரே இடத்தில் வைக்கலாமே என்று அப்போதே எனக்குத் தோன்றியது. தொழில் புத்தி.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் அப்பா சொல்லி டிக்கெட் அங்கிளும் அவர் மனைவியும் வந்தார்கள். பயண அலுவலகம் ஒன்றில் வேலை செய்தபடியால் நான் அவருக்கு வைத்த பெயர் அது. ராச்சாப்பாட்டுக்கு நின்று, எங்கள் பயணத் தேதியைப் பேசி முடித்துவிட்டுப் போவதாக ஏற்பாடு. அம்மா அடுப்பில் சட்டியை வைத்தார். சாக்கின் மேலடுக்கில் இரண்டே வெங்காயம்தான் மிஞ்சியிருந்தது.

அப்பா குசினிக்குள் வந்தார். "என்ன தாமதம்? வெங்காயமோ? சாக்கு நிறையக் கிடக்கெல்லே!" அவர் குனிந்து கையைத் தோள்வரை உள்ளே விட்டார். இழுத்தபோது அவர் கையில் வந்தது, பல மாதங்களாகத் தேடிக்கொண்டிருந்த, வீட்டில் இடுப்பில் கட்டுகிற தன் பழைய நீலச் சாரம்.

விருந்தினர் அடுத்த அறையில் இருந்தார்கள். அப்பாவால் குரலை உயர்த்த முடியவில்லை.

"இது என்ன?"

"சாரம்," என்றார் அம்மா.

"தெரியுது. வெங்காயம் எங்கை?"

அம்மா அடுப்பைக் குறைத்தார். கடைகள் மத்தியானமே பூட்டியாயிற்று. "கீழை அன்ரியிட்டை இருக்கப்பா," என்றேன் நான். அம்மா என்னைப் பார்த்த பார்வைக்கு அப்போது எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

அப்பா சாரத்தைக் கதிரையில் போட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். அவர் நேரே யன்னலுக்குப் போனதும் பலகையிலிருந்த கிழவர், "கெட் இன் லைன், மைட்," என்றார். வரிசையில் அவரைத் தவிர ஒருவரும் இல்லை. அவரும் பலகையில் உட்கார்ந்துகொண்டிருந்தார். அப்பா அவருக்குப் பின்னால் நின்றார். கிழவர் நிதானமாகத் தன் சிகரெட்டை வாங்கிய பிறகு அப்பாவின் முறை வந்தது.

"டென் ஆனியன்ஸ், ப்ளீஸ்."

"நோ டென். த்ரீ."

"மேடம், அங்கே ஒரு சாக்கு முழுக்க..." என்று ஆங்கிலத்தில் தொடங்கி, கையை நீட்டிய அப்பா, நீட்டியபடி நின்றுவிட்டார். தட்டுக்குக் கீழே சாக்கு இருந்தது. அதன் வாயில் சிவப்பு மின்கம்பி.

கடை அன்ரி கம்பியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், கைதட்டினார். "யூ! வயர் மேன்!" என்றவர் உதட்டை இறுக்கி, இடக் கண்ணை மூடி, இல்லாத கம்பி ஒன்றை முறுக்கி, இழுத்துச் சோதித்தார். கிழவர் இருமும்வரை சிரித்தார்.

"யுவர் வைஃப் ஷோ அஸ். வெரி ஃபன்னி லேடி. எவ்ரி டே ஷீ மேக் அஸ் லாஃப்."

"மை வைஃப்?" என்றார் அப்பா.

"எஸ், எஸ். யுவர் வைஃப்."

"மை வைஃப்?" என்று அப்பா இரண்டாம் முறையும் கேட்டார். யாரோ வேறு ஒருவரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்தவர் போல் இருந்தது.

கடை அன்ரி மூன்று வெங்காயத்தை நீட்டினார். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்து இன்னொன்றும் தந்தார். மேலே ஏறும்போது அப்பா இரண்டாம் மாடியில் நின்று, வெங்காயங்களை என் கையில் கொடுத்துவிட்டு, வெறும் விரல்களால் காற்றில் ஒரு முறுக்கு முறுக்கிப் பார்த்தார்.

"நான் அப்பிடியே செய்யிறனான்?"

"ஓம் அப்பா."

"கண்ணையும் மூடுறனானோ?"

"இடக் கண்."

அவர் குசினியில் வெங்காயங்களை அம்மாவுக்கு முன்னால் வைத்தார். "இது காணுமே?" என்றார். அம்மா ஓம் என்றார். சாரம் கதிரையிலேயே கிடந்தது.

சாப்பாட்டின் நடுவில் டிக்கெட் அங்கிள், "அப்ப எந்தக் கிழமைக்குப் போடுறது?" என்று கேட்டார். அம்மா அவருக்குக் கறி பரிமாறிக்கொண்டிருந்தார். அகப்பை கோப்பைக்கு மேலே நின்றது.

"இப்ப வேண்டாம் அண்ணை," என்றார் அப்பா. "இவவுக்கு இஞ்சை அலுவல் கிடக்கு."

"என்ன அலுவல்?"

அப்பா இன்னும் கொஞ்சம் கறி கேட்டார். எனக்குப் பெரிய ஏமாற்றம். நீச்சல் வகுப்பு தொடரப் போகிறது.

அடுத்த சனிக்கிழமை அப்பா வழக்கம்போல் ஒரு சாக்கு வெங்காயத்தோடு வந்தார். அதைத் தோளில் தூக்கிக்கொண்டு, கார் நிறுத்திய இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்த மாடிப்படியைக் கடந்து, கட்டடத்தைச் சுற்றி நடந்து, கொல்லையைத் தாண்டி, கடை யன்னலின் பக்கத்துச் சுவரோடு இறக்கினார். மேலே பார்த்து அம்மாவைக் கூப்பிட்டார்.

"இஞ்சாரும், இதை மேலை தூக்கேலாது. நாரி பிடிச்சிட்டுது. இதிலையே கிடக்கட்டும். நீர் வேணுமெண்ட நேரம் வந்து எடும்."

அம்மா யன்னலிலிருந்து எட்டிக் கீழே பார்த்தார். பிறகு, "ஓம்," என்றார். அதே சொல்தான். ஆனால் வேறு மாதிரி இருந்தது.

அன்று பின்னேரம் நான் நோவெண்ணெய் எடுத்து அப்பாவின் இடுப்பில் தேய்த்துவிட்டேன். அவர் குப்புறப் படுத்து அசையாமல் கிடந்தார். அடுத்த சனிக்கிழமையும் சாக்கு வந்தது, நாரியும் பிடித்தது. நான் எண்ணெயோடு போனேன். அவர் வலப் பக்கத்தைக் காட்டினார்.

"போன முறை மற்றப் பக்கம் எண்டனீங்கள்," என்றேன்.

"நோ இடம் மாறும் பிள்ளை," என்றார் அப்பா, தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு.

நான் அதை நம்பினேன். சனிக்கிழமைகளில் மட்டும் வருகிற, சாக்கு இறக்கியதும் பிடித்து மறுநாள் விட்டுவிடுகிற ஒரு நோயைப் பல மாதங்கள் சிரத்தையோடு தேய்த்தேன். எண்ணெய்ப் போத்தல் காலியாகும்போது, மறக்காமல் அதையும் வாங்கவேண்டியவற்றில் சேர்த்தேன்.

இப்போதைய நிலை இது. அந்தக் கட்டடத்தை விற்றபோது கடை அன்ரி கம்பிவலையைக் கழற்றி எடுத்துக்கொண்டு பிளாக்டவுனுக்குக் குடிபோய்விட்டார். அம்மா மெரிலேண்ட்ஸில்தான் இருக்கிறார். வியாழக்கிழமைகளில் ரயிலேறிப் போய் ஒரு வெங்காயம் வாங்கிக்கொண்டு பின்னேரம் திரும்புகிறார். அப்பாவின் நாரியில் ஒருநாளும் ஒரு குறையும் இருந்ததில்லை.